ஒரு லெட்டர்ஹெட், 669 குழந்தைகள்

1938 டிசம்பரில் நிக்கோலஸ் விண்டனுக்கு வயது 29. லண்டனில் பங்குத் தரகர். விடுமுறைக்கு சுவிட்சர்லாந்தில் பனிச்சறுக்கு விளையாடக் கிளம்பவிருந்தவரை, பிராக் நகருக்கு வரச்சொல்லி நண்பர் ஒருவர் கூப்பிட்டார். போனவர் கண்டது அகதி முகாம்களை. மியூனிக் ஒப்பந்தத்தில் செக்கோஸ்லோவாகியாவின் ஸுடேட்டன்லாந்து பகுதியை ஹிட்லருக்குத் தாரைவார்த்த பிறகு, அங்கிருந்து தப்பி வந்த யூதர்களும் நாஜி எதிர்ப்பாளர்களும் கொட்டும் குளிரில் பிள்ளைகளோடு தவித்துக்கொண்டிருந்தார்கள்.

இந்த உண்மைக் கதைதான் ஜேம்ஸ் ஹாஸ் இயக்கி 2023-ல் வந்த 'ஒன் லைஃப்'. இளம் விண்டனாக ஜானி ஃபிளின், முதிய விண்டனாக ஆண்டனி ஹாப்கின்ஸ். விண்டனின் மகள் பார்பரா எழுதிய வாழ்க்கை வரலாறே படத்துக்கு அடிப்படை.

போர்க்கால மீட்புப் படம் என்றால் துப்பாக்கியும் துரத்தலும் இருக்கும் என்று நினைப்போம். இங்கே ஆயுதம் தட்டச்சுப் பொறி. ஒவ்வொரு குழந்தைக்கும் பிரிட்டன் விசா வேண்டும். வளர்க்க ஒரு குடும்பம் முன்வர வேண்டும். பின்னாளில் திருப்பி அனுப்பும் செலவுக்கு 50 பவுண்டு உத்தரவாதம் வேண்டும். அன்றைக்கு அது பெரிய தொகை. அகதிகளுக்கு உதவிய பிரிட்டிஷ் குழுவின் பெயருக்குக் கீழே 'குழந்தைகள் பிரிவு' என்று சேர்த்து லெட்டர்ஹெட் அடித்த விண்டன், அதற்குத் தன்னையே பொறுப்பாளராகவும் நியமித்துக்கொண்டார். பிள்ளைகளின் புகைப்படங்களைப் பரப்பி வளர்ப்புப் பெற்றோரைத் தேடினார். பகலில் பங்குச் சந்தை, மாலையில் இந்த வேலை. அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியவர் அவருடைய அம்மா. படத்தில் ஹெலெனா பான்ஹாம் கார்ட்டர் அந்த வேடத்தில் அதிகாரிகளை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுகிறார்.

விசா வரத் தாமதமானபோது போலி ஆவணங்களும் தயாராயின.

1939 மார்ச் 15-ல் ஜெர்மன் படை பிராகுக்குள் நுழைந்தது. அதன் பிறகும் ரயில்கள் கிளம்பின. ஜெர்மனியைக் கடந்து, நெதர்லாந்தில் கப்பலேறி, லண்டனின் லிவர்பூல் ஸ்ட்ரீட் நிலையத்துக்குக் குழந்தைகள் வந்து சேர்ந்தார்கள். மொத்தம் 669 பேர். சுமார் 250 பேருடன் செப்டம்பர் 1-ல் புறப்படவிருந்த ரயில் மட்டும் கிளம்பவேயில்லை. அன்றுதான் ஹிட்லர் போலந்துமீது படையெடுத்தார். அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை.

ஹாப்கின்ஸ் சுமப்பது இந்தக் கணக்கைத்தான். காப்பாற்றியவர்களைவிடக் கைவிட்டுப் போனவர்களே அவர் முகத்தில் தெரிகிறார்கள். ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் வெளியே பேசப்படாத அந்த வரலாறு, பழைய ஆல்பம் ஒன்றின் வழியாக 1988-ல் பி.பி.சி.யின் 'தட்ஸ் லைஃப்' நிகழ்ச்சிக்கு வந்தது. விண்டனைச் சுற்றி அமர்ந்திருந்தவர்கள், அவரால் உயிர்பிழைத்ததாகச் சொல்லி எழுந்து நின்றார்கள். படத்தில் அந்தக் காட்சியில், அப்படித் தப்பியவர்களின் வாரிசுகள் பலர் நடித்திருக்கிறார்கள்.

தனியொருவர் சாகசமாக இதைச் சொல்லாததே படத்தின் நேர்மை. 1939 ஜனவரியிலேயே விண்டன் லண்டன் திரும்பிவிட்டார். பிராகில் ஆபத்தின் நடுவே இருந்து வேலை பார்த்தவர்கள் டோரீன் வாரினரும் பள்ளி ஆசிரியர் ட்ரெவர் சாட்விக்கும். உண்மையான வீரர்கள் அவர்களே என்று விண்டனும் சொல்லிவந்தார். 106 வயதுவரை வாழ்ந்த விண்டனுக்கு 2009-ல் பிராக் ரயில் நிலையத்தில் சிலை வைத்தார்கள். 1979-ல் மறைந்த சாட்விக்குக்கு, அவர் ஆசிரியராக இருந்த ஸ்வானேஜ் ஊரில் 2022-ல்தான் சிலை எழுந்தது.