ஜப்பானியச் சர்வகலாசாலைகள் – 7: மலைக்குள் ஒரு நீர்த்தொட்டி

டோக்கியோ சர்வகலாசாலையின் கடிகார கோபுரத்தையும், இலையுதிர் காலத்திலே பொன்னாக மாறி நிற்கும் அதன் கிங்கோ மரச்சாலையையும் சென்ற வாரம் சுற்றிப் பார்த்தோம். ஆனால் அந்தக் கலாசாலைக்கு உலகப் பிரசித்தி தேடித் தந்த ஆராய்ச்சிகளுள் தலையாயது நடந்த இடம் அந்த வளாகத்தில் இல்லை. அதைக் காண வேண்டுமானால் தலைநகரை விட்டுப் புறப்பட்டு, மத்திய ஜப்பானின் மலைகளுக்குள் புகுந்து, குளிர்காலத்தில் வெண்பனி குவிந்து கிடக்கும் ஹிடா பிரதேசத்துக் காமியோக்கா என்னும் சுரங்க ஊரை அடைந்து, அங்கும் வெளியே நில்லாமல், மலையின் வயிற்றுக்குள் ஆயிரம் மீட்டர் பாறைக்கு அடியிலே போய்ச் சேரவேண்டும்.

ஈயமும் துத்தநாகமும் வெட்டிய சுரங்கம் அது. அதன் கழிவிலிருந்த காட்மியம் ஜின்ஸூ நதியில் கலந்து, கீழே தோயாமா சமவெளியின் நெல்வயல்களில் ஏறி, அந்த அரிசியை உண்ட குடியானவர்களின், அதிலும் விசேஷமாகப் பெண்களின், எலும்புகளை உளுக்கச் செய்தது. அந்த வியாதிக்கு ‘இதாய் இதாய்’ என்று பெயர். ‘வலிக்கிறது, வலிக்கிறது’ என்பது பொருள். தொழிற்சாலைக் கழிவே அதற்குக் காரணம் என்று ஜப்பானிய சர்க்கார் ஒப்புக்கொண்டது 1968-ல்தான். இன்று காமியோக்கா என்றால் நோபல் பரிசை மட்டும் நினைப்பவர்கள் இதையும் நினைக்கவேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

பௌதிக சாஸ்திரிகளுக்கு இந்தக் குகையில் என்ன வேலை? 1970-களில் எழுந்த சில சித்தாந்தங்கள், அணுவின் கருவிலுள்ள புரோட்டான் நித்தியமானதன்று, அதற்கும் ஒருநாள் மரணம் உண்டு என்று சொல்லின. ஆனால் அதன் ஆயுளோ, 1 என்று எழுதி அதன்பின் 30 பூஜ்யங்கள் போட்டால் வரும் இத்தனை வருஷங்களுக்குக் குறையாது. ஒரு புரோட்டானை அத்தனை காலம் காத்திருந்து பார்க்க எவராலும் ஆகாது. ஆனால் அத்தனை புரோட்டான்களை ஓரிடத்தில் திரட்டி வைத்துக்கொண்டால், வருஷத்துக்கு ஒன்றிரண்டாவது கண்ணெதிரே அழிய வேண்டுமல்லவா? காமியோக்காவின் தொட்டியில் தேக்கிய மூவாயிரம் டன் நீரில் அதற்கு வேண்டியதைப் போல் ஆயிரம் மடங்கு இருக்கிறது. ஆகாயத்திலிருந்து ஓயாமல் பொழியும் அண்டக் கதிர்கள் கணக்கைக் கெடுக்காதிருக்க மேலே ஒரு மலை வேண்டும். தொட்டிக்குச் சுரங்கம் தேடியதன் ரகசியம் அவ்வளவுதான்.

இந்த யோசனையில் நம் நாடு பின்தங்கியிருக்கவில்லை. கோலார் தங்கவயலில், தமிழ்நாட்டிலிருந்து சென்ற குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இறங்கி உழைத்த அந்தச் சுரங்கத்தின் ஆழத்தில், பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தாரும், ஜப்பானின் ஒஸாகா நகரச் சர்வகலாசாலையாரும், இங்கிலாந்தின் டர்ஹாம் கலாசாலையாரும் கூடி, வாயுமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோ என்னும் நுண்துகளின் அடையாளத்தை 1965-லேயே கண்டார்கள். 1980-ல் புரோட்டானின் மரணத்தைத் தேட அங்கே 140 டன் இரும்பை அடுக்கியும் வைத்தார்கள்.

காமியோக்காவில் அந்த வேலையைத் தொடங்கியவர் டோக்கியோ சர்வகலாசாலைப் பேராசிரியர் மஸதோஷி கோஷிபா. இளமையில் போலியோ கண்டவர்; வகுப்பிலே கடைசி மாணவனாகத் தேறியவன் என்று தம்மைத் தாமே பரிகாசம் செய்துகொண்டவர். அமெரிக்கர்கள் ஓஹையோவின் உப்புச் சுரங்கம் ஒன்றில் தம்முடையதைப் போல் இரு மடங்குக்கும் மேற்பட்ட நீரைத் தேக்கப்போகிறார்கள் என்று அறிந்ததும், அளவில் அவர்களை வெல்ல முடியாதென்று கண்டுகொண்டு, கண்ணிலே வெல்லத் தீர்மானித்தார். புரோட்டான் அழிந்து தெறிக்கும் துகளைப் போல, நீருக்குள் ஒளி செல்லும் வேகத்தையும் மிஞ்சி ஓடுகிற மின்னூட்டத் துகள், செரன்கோவ் ஒளி என்னும் மெல்லிய நீல ஒளியைக் கூம்பு வடிவில் சிந்துகிறது. தொட்டியின் சுவரில் அது வளையமாக விழும். அதைப் பிடிப்பதற்கு ஒளிப்பெருக்கிக் குழல்கள் வேண்டும். அமெரிக்கர்கள் அமைத்தவை ஐந்து அங்குலக் குழல்கள். கோஷிபாவோ ஹமமாத்ஸு நகரத்துக் கம்பெனி ஒன்றை அணுகி, இருபது அங்குலத்தில் செய்து தரும்படி கேட்டார்! மக்களின் வரிப்பணத்தைச் செலவிடுகிறவன் கேட்ட விலையைக் கொடுத்துவிடலாகாது என்று நியாயம் பேசிப் பேரமும் செய்தார்.

அந்தக் குழலைச் சற்று நின்று பார்க்கலாம். பெரிய பூசணிக்காயைத் தண்டோடு கவிழ்த்தாற்போன்ற ஒரு கண்ணாடிக் குமிழ். கைதேர்ந்த தொழிலாளி வாயால் ஊதிச் செய்தது. உள்ளே காற்றே இல்லாத வெறுமை. முன்புறத்தின் உட்பூச்சில் ஓர் ஒளித்துளி பட்டால் ஓர் எலெக்ட்ரான் தெறிக்கும்; அது அடுத்த தகட்டில் மோதிச் சிலவற்றை எழுப்ப, அவை அதற்கடுத்ததில் மோத, கடைசியில் ஒன்று கோடியாகி ஒரு மின்துடிப்பாக வெளிவரும். இத்தகைய கண்கள் சுமார் ஆயிரம், 1983-ல் இருளிலே விழித்துக்கொண்டன.

புரோட்டான் இறக்கவில்லை. சித்தாந்தம் சொன்ன ஆயுள் கணக்குப் பொய்த்தது. கைவிட்டுப் போயிருக்கலாம், கோஷிபாவின் கூட்டத்தார் அப்படிச் செய்யாமல், நீரிலிருந்த ரேடான் மாசைப் போக்கிச் சுத்தி செய்து, கருவிகளைத் திருத்தி, சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்களைப் பிடிக்கத் தொட்டியைத் தயார் செய்தார்கள். நம் கட்டைவிரல் நகத்தினூடே விநாடிக்கு 6,000 கோடிக்கு மேல் அவை புகுந்து போகின்றன, அநேகமாக எதிலும் ஒட்டுவதில்லை. தொட்டிக்கு இட்ட ‘காமியோகாண்டே’ என்ற பெயரின் கடைசி ஆங்கில எழுத்துக்கள் முதலில் அணுக்கருத் துகளின் அழிவைக் குறித்தன. பிற்பாடு நியூட்ரினோ தேடலையும் குறிப்பதாகிவிட்டன. பெயரை மாற்றாமல் பொருளை மாற்றிக்கொண்ட சாமர்த்தியம்!

திருத்திய தொட்டி 1987 ஜனவரியில் வேலைக்குத் தயாராயிற்று. பேராசிரியருக்கு வயது அறுபது. மார்ச் மாதம் ஓய்வு பெற வேண்டும். பிப்ரவரி 23-ஆம் தேதி மாலை 4 மணி 35 நிமிஷத்துக்கு, பதின்மூன்று விநாடிகளுக்குள், பதினொரு நியூட்ரினோக்கள் தொட்டியில் தம் சுவட்டை விட்டுச் சென்றன. அப்போது அது எவருக்கும் தெரியாது. பெரிய மெகல்லன் மேகம் என்னும் தென்வானத்து நக்ஷத்திரக் கூட்டத்தில் ஒரு நக்ஷத்திரம் வெடித்ததாகத் தென்கோளத்திலிருந்து செய்தி பரவி, அதன் நியூட்ரினோக்கள் உங்களுக்குத் தென்பட்டனவா என்று அமெரிக்காவிலிருந்து தொலைநகல் வந்த பிறகே, காந்த நாடாவில் பதிவானதை அச்சிட்டு வரிவரியாகப் புரட்டினார்கள். சமதரையாகக் கிடந்த கணக்கின் நடுவே ஒரு சிகரம் எழுந்து நின்றது. அந்த வெடிப்பு நிகழ்ந்தது சுமார் 1,60,000 வருஷங்களுக்கு முன்பு. அத்தனை காலம் பயணம் செய்து, ஜப்பானில் ஒருபோதும் உதயமாகாத அந்தத் தென்வானத்துப் பொருளிலிருந்து, பூமி முழுவதையும் அடியிலிருந்து துளைத்துக்கொண்டு அவை மேலே வந்தபோது, கோஷிபாவின் உத்தியோகத்தில் ஒரு மாதத்துக்குச் சற்று அதிகமே மிச்சமிருந்தது. அதிர்ஷ்டம் என்றவர்கள் உண்டு. அந்த நியூட்ரினோக்கள் எல்லார் தலைமீதும்தானே பொழிந்தன என்பது அவர் பதில். 2002-ல் நோபல் பரிசு வந்தது.

அடுத்த தொட்டி ஐம்பதாயிரம் டன். 1996-ல் ஆரம்பித்த ‘சூப்பர் காமியோகாண்டே’யின் உட்சுவரில் 11,146 குமிழ்கள். நியூட்ரினோக்கள் பயணத்திலேயே ஒரு வகை மற்றொரு வகையாக மாறுகின்றன, ஆகவே அவற்றுக்கு எடை உண்டு என்பதை 1998-ல் பக்கத்துத் தகயாமா நகரில் கூடிய மகாநாட்டில் கோஷிபாவின் சீடர் தகாக்கி கஜிதா அறிவித்தார். 2015-ல் அவரும் நோபல் பரிசு பெற்றார்.

அந்த அறிவிப்புக்கும் இந்தப் பரிசுக்கும் நடுவே நடந்ததுதான் எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. 2001-ல் தொட்டியை வடித்து, பழுதான குமிழ்களை மாற்றி, மறுபடி நீர் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். நவம்பர் 12-ஆம் தேதி அடித்தளத்தில் ஒரு குமிழ் உடைந்தது. பழுது பார்க்கும்போது குமிழ்களின்மேல் பரப்பிய பலகையில் ஆட்கள் நின்றதால் அது பலவீனப்பட்டிருக்கலாம் என்று பின்னால் கருதினார்கள். உள்ளே வெறுமை, சுற்றிலும் பல மீட்டர் நீரின் அழுத்தம். நீர் உள்ளே பாய்ந்து தன்னோடு தானே மோதித் திரும்பிய அதிர்ச்சியில் அண்டை வீட்டுக் குமிழ் உடைய, அது அடுத்ததை உடைக்க, சில விநாடிகளில் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட கண்கள் பொடிப் பொடியாயின. நிலையத்தின் தலைவர் யோஜி தொத்ஸுகா, ஏற்கெனவே புற்றுநோயால் பீடிக்கப்பட்டிருந்தவர், மறுநாளே உலகெங்கிலுமுள்ள சகாக்களுக்குக் கடிதம் விடுத்தார்: மீண்டும் கட்டுவோம், அதில் ஐயமே இல்லை என்பது அதன் சாரம். எஞ்சிய குமிழ்களைப் பரவலாக இடம் மாற்றிப் பொருத்தி மறு வருஷமே வேலையைத் தொடங்கினார்கள். முழுத்தொகையும் நிரம்ப 2006 ஆயிற்று. இம்முறை ஒவ்வொரு குமிழுக்கும் அக்ரிலிக் முகமூடியும் கண்ணாடி இழைக் கூடும் உண்டு; அதிலே சிறு துவாரங்கள். ஒன்று உடைந்தாலும் நீர் மெதுவாகவே உள்ளே இறங்கும், அண்டையில் உள்ளது பிழைக்கும். நீர் உயர உயர, ஆராய்ச்சியாளர்கள் ரப்பர் ஓடத்தில் மிதந்தபடி சுவரிலுள்ள குமிழ்களை வரிசை வரிசையாகச் சோதித்துக்கொண்டு போனார்கள். தொத்ஸுகா 2008-ல் காலமானார்.

இப்போது அதே மலைப்பிரதேசத்தில், 2,60,000 டன் நீர் கொள்ளும் மூன்றாவது தொட்டிக்குக் குகை குடைந்தாகிவிட்டது. முதல் தொட்டியின் நோக்கமும் மறக்கப்படவில்லை. நாற்பது வருஷத் தேடலின் பயனாக, புரோட்டானின் ஆயுள் 1-க்குப் பின் 34 பூஜ்யங்கள் போட்ட வருஷங்களுக்கும் அதிகம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இதுவரை ஒன்றுகூட இறக்கவில்லை.