வாக்குத் தவறிய நாடுகள் – 14: தண்டப் பணம் யார் கைக்குப் போகிறது?

கிரீட் தீவில் ஒரு குப்பைமேட்டை மூடாததற்காக கிரீஸ் நாடு நாளுக்கு 20,000 யூரோ தண்டம் கட்டிய கதையைப் போன வாரம் பார்த்தோம். தவறவிட்டவர்கள் பழைய இதழைத் தேடிப் படித்துக்கொள்ளுங்கள். இந்த வாரம் ஹங்கேரி என்று சொல்லியிருந்தேன். ஆனால் சித்தேரி டீக்கடையில் ஒரு பெரியவர் கேட்ட கேள்வி என்னை வேறு பக்கம் இழுத்துவிட்டது. "அந்தக் காசு யாருக்குப் போச்சு சார்? குப்பை நாத்தத்துல கெடந்த சனங்களுக்கா?"

இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுக் கணக்குக்குப் போனது. ஒப்பந்தத்தை மீறிய நாட்டைப் பணியவைக்கவே அந்தத் தண்டம். அடிபட்டவருக்கு ஈடு செய்ய அல்ல. ஹங்கேரிக்கும் இதுதான். புகலிடம் கேட்டு வருகிறவர்களை நடத்திய விதத்துக்காக 2024 ஜூன் 13 அன்று 20 கோடி யூரோ மொத்தமாகவும், திருந்தும் வரை நாளுக்கு 10 லட்சம் யூரோவும் கட்டச் சொன்னது ஐரோப்பிய நீதிமன்றம். ஹங்கேரி கட்டவில்லை. அதற்குத் தர வேண்டிய நிதியிலிருந்து, கூலியில் முன்பணத்தைக் கழிப்பது போல, கழித்துக்கொண்டார்கள். எல்லையில் விரட்டப்பட்டவர்களுக்கு அதில் பங்கு கிடையாது.

பணம் உரியவரைத் தேடி வந்த வழக்கும் ஒன்று உண்டு. அது நம்மூர் மீனவர்களின் வழக்கு. 2012 பிப்ரவரி 15 அன்று கேரளக் கடலுக்கு அப்பால், 'என்ரிகா லெக்ஸி' என்ற இத்தாலிய எண்ணெய்க் கப்பலில் காவலுக்கு இருந்த கடற்படை வீரர்கள், 'செயின்ட் ஆன்டனி' விசைப்படகைக் கொள்ளையர் படகு என்று சொல்லிச் சுட்டார்கள். இரண்டு மீனவர்கள் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்.

ஐ.நா. கடல் சட்ட ஒப்பந்தத்தின்படி அமைந்த நடுவர் மன்றம் 2020 மே 21 அன்று தீர்ப்புச் சொன்னது. சுட்டவர்களை இந்தியா விசாரிக்க முடியாது என்றது. இது எனக்கு இன்றும் கசக்கிறது. அதே தீர்ப்பு, படகின் கடற்பயண உரிமையை இத்தாலி மீறியது, உயிர்ச்சேதத்துக்கும் படகின் சேதத்துக்கும் ஆட்கள் பட்ட மன வேதனைக்கும் இந்தியாவுக்கு ஈடு தர வேண்டும் என்றும் சொன்னது. இத்தாலி 10 கோடி ரூபாய் கட்டியது. 2021 ஜூன் 15 அன்று உச்ச நீதிமன்றம் அதைப் பிரித்தது: இறந்த இருவரின் குடும்பங்களுக்குத் தலா 4 கோடி, படகு உரிமையாளருக்கு 2 கோடி. உடனே, குண்டு பாய்ந்தபோது அதே படகில் இருந்த மற்ற மீனவர்கள் 'எங்கள் பங்கு எங்கே?' என்று நீதிமன்றம் ஏறினார்கள். நியாயமான கேள்வி. மன வேதனைக்கும் சேர்த்து வந்த பணம் ஆயிற்றே!

அயல்நாடு சுட்டால் இப்படி. நம் அரசின் ஆட்களே நம்மை அடைத்து வைத்தால்? இதைத் தேடப் போய்க் கிடைத்ததுதான் இந்த வாரம் என்னைத் தூங்கவிடாத தகவல். குடிமை, அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையின் 9ஆவது பிரிவு, சட்டவிரோதமாகக் கைதானவருக்கு இழப்பீடு கேட்டுப் பெறும் உரிமை உண்டு என்கிறது. இந்தியா 1979 ஏப்ரல் 10 அன்று அந்த உடன்படிக்கையில் சேர்ந்தது. சேரும்போதே ஒரு விலக்குக் குறிப்பையும் எழுதிக் கொடுத்தது: அப்படி அரசிடம் இழப்பீடு கேட்டு வாங்கும் உரிமை இந்தியச் சட்ட முறையில் இல்லை என்று. வாக்குக் கொடுக்கும் நாளிலேயே, தவறினால் பணம் தரமாட்டோம் என்று எழுத்தில் கொடுத்தாயிற்று!

அந்தக் குறிப்பைச் செல்லாக் காசாக்கியது நம் உச்ச நீதிமன்றம். பீகாரில் ருதுல் ஷா என்பவர் 1968இல் விடுதலைத் தீர்ப்பு பெற்றார். சிறைக்கதவு திறந்தது 1982இல். அடுத்த ஆண்டு, ஏற்கெனவே கொடுத்த 5,000 போக இன்னும் 30,000 ரூபாய் கொடு என்று பீகார் அரசுக்கு உத்தரவு போட்டது நீதிமன்றம். பதினான்கு ஆண்டுகளுக்கு 35,000! தொகை அற்பம், திறந்த வழி பெரிது. 1993இல் நீலபதி பெஹெரா வழக்கில், காவலில் மகனைப் பறிகொடுத்த ஒடிசாத் தாய்க்கு ஒன்றரை லட்சம். 1996இல் டி.கே. பாசு வழக்கில், அந்த விலக்குக் குறிப்புக்கு இனிப் பொருளில்லை என்றே நீதிபதிகள் எழுதினார்கள். ஐ.நா. ஏட்டில் மட்டும் அது இன்னும் கிடக்கிறது.

இதைப் பெரியவரிடம் சொன்னபோது அவர் மலையடிவாரத்துப் பக்கம் கையைக் காட்டினார். வாச்சாத்தி அங்கேதான் இருக்கிறது. 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடி வந்த வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் ஊரை ஆலமரத்தடியில் கூட்டி அடித்தார்கள். 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். பெண்களையும் குழந்தைகளையும்கூடச் சிறைக்கு அனுப்பினார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில், தீர்ப்பு வருவதற்குள் இறந்துபோன 54 பேர் நீங்கலாக 215 பேரும் குற்றவாளிகள் என்று தர்மபுரி நீதிமன்றம் 2011இல் சொன்னது. 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி வேல்முருகன் அதை உறுதிசெய்து, அந்த 18 பேருக்கும் தலா 10 லட்சம் கொடுக்கச் சொன்னார். அதில் 5 லட்சத்தைக் குற்றவாளிகளிடம் வசூலிக்க வேண்டும் என்றார். இதுவரை இந்தத் தொடரில் பார்த்த எந்த நாட்டுத் தண்டத்திலும் இப்படி ஒரு வரி இல்லை. ஐரோப்பாவிலும் சரி, கடல் வழக்கிலும் சரி, கட்டியது கஜானா. தவறு செய்தவரின் சட்டைப்பை அல்ல.

பக்கம் நிறைந்துவிட்டது, அச்சகத்திலிருந்து இரண்டாவது முறை போன் வந்தாயிற்று. சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. ஒப்பந்தத்தின் 14ஆவது பிரிவும் இழப்பீடு பற்றியதுதான். 1997இல் கையெழுத்திட்ட இந்தியா இன்னும் அதை ஏற்புறுதி செய்யவில்லை. அடுத்த வாரம் அதிலிருந்து தொடங்கி, இடம் இருந்தால் ஹங்கேரிக்கும் போவோம்.

(தொடரும்)