நகப்பூச்சும் நியாயமும்

2011-இல் மதுரை மாநகராட்சியோடு இணைந்த ஆனையூர் போன்ற பகுதிகளில், மருதாணி அரைத்து இட்டுக்கொண்ட தலைமுறையின் பெண்மக்கள், கல்யாண முகூர்த்தங்களை முன்னிட்டு நக அலங்காரத்திற்காக பியூட்டி பார்லரை நாடுவது சகஜமாகிவிட்டது, அதில் தவறொன்றுமில்லை. ஆனால், பணத்தைக் கொடுத்து மனக்கசப்பை வாங்கி வருகிறவர்களின் குறை, பெரும்பாலும் அவசரத்திலேயே பிறக்கிறது.

அசிட்டோனில் நனைத்த பஞ்சை நகத்தின்மேல் பொதிந்து, இளகும்வரை பொறுத்திருந்து மெல்ல எடுக்க வேண்டிய ஜெல் பூச்சை, நேரமில்லையென்று சுரண்டிப் பெயர்த்தால், நகத்தின் மேலடுக்கும் கூடவே உரிந்து, நகம் காகிதம்போல் மெலிந்துவிடுகிறது. கைவிரல் நகம் மாதத்திற்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டரே வளர்வதால், அந்தச் சேதம் முற்றிலும் நீங்க ஆறு மாதங்கள் செல்லும். சுத்தம் செய்யாத கருவியால் நகக்கண்ணின் தோலை வெட்டினாலோ, நகச்சுற்று வந்து சீழ் கோக்கும் அபாயம் உண்டு. நீரிழிவு உள்ளவர்களுக்கு விசேஷ ஜாக்கிரதை அவசியம்.

இதை விதியென்று பொறுத்துக்கொள்வது அநியாயம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, இரண்டாண்டுகளுக்குள் மாவட்ட ஆணையத்தில் முறையிடலாம். செலுத்திய தொகை 5 லட்ச ரூபாய்வரை மனுக் கட்டணமில்லை. டில்லி ஹோட்டலொன்றில் 2018-இல் கூந்தலைத் தவறாக வெட்டியதற்காகத் தேசிய ஆணையம் விதித்த 2 கோடி ரூபாய் நஷ்டஈட்டை, சேவைக் குறைபாட்டை மறுக்காமலே, தொகைக்கு ஆதாரம் வேண்டுமென்று 2023-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது.

ஆகையால் பில்லைக் கேட்டு வாங்குங்கள். காயத்தை அன்றே படமெடுத்து வையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி மையத்தின் 1915 என்ற எண்ணை அழைக்கத் தயங்காதீர்கள்.