ஆயுள் முழுக்க முழு சம்பளம், ஆனா ஒரு கண்டிஷன்! அமெரிக்க ஃபெடரல் நீதிபதியின் பணக் கணக்கு



ஒரு கேள்வியோட ஆரம்பிக்கலாம். பெரிய லா ஃபர்ம்ல பார்ட்னரா இருக்கிற ஒரு வக்கீல், அதைவிட ரொம்பக் குறைஞ்ச சம்பளத்துக்கு ஒரு அரசாங்க வேலைக்கு வர ஆசைப்படறார். தப்புக் கணக்கு போடறாரா?

அந்த வேலை, அமெரிக்காவின் ஃபெடரல் விசாரணை நீதிமன்ற நீதிபதி. அங்க 'டிஸ்ட்ரிக்ட் ஜட்ஜ்'னு சொல்றாங்க. நம்ம ஊர் மாவட்ட நீதிபதியோட குழப்பிக்காதீங்க. மாநில கோர்ட்டுகள் அங்க தனி. மத்திய சட்டங்கள் சம்பந்தப்பட்ட வழக்குகளை முதல்ல விசாரிக்கிறது இவங்கதான். நாடு முழுக்க 94 டிஸ்ட்ரிக்ட், 677 பதவிகள். அவ்வளவுதான்.

இந்த நாற்காலிக்கு எப்படிப் போறாங்க?

தேர்வு எதுவும் கிடையாது. அரசியல் சாசனம் வயசு, பட்டம்னு எந்தத் தகுதியும் கேக்கல. ஆனா நடைமுறை வேற. 4 வருஷம் கல்லூரி, 3 வருஷம் சட்டப் படிப்பு. அப்புறம் பலர் ஒரு நீதிபதிகிட்ட கிளார்க்கா ஒண்ணு, ரெண்டு வருஷம் வேலை பார்ப்பாங்க. அதுக்கு மேல அரசு வக்கீல், தனியார் ஃபர்ம், மாநில நீதிபதின்னு பல பாதை. சிலர் 8 வருஷ பதவிக்காலம் உள்ள மாஜிஸ்ட்ரேட் ஜட்ஜா இருந்துட்டு மேல வருவாங்க.

கடைசியா ஜனாதிபதி பேரைப் பரிந்துரைக்கணும், எஃப்.பி.ஐ. பின்னணியை விசாரிக்கும், செனட் ஓட்டுப் போட்டு ஒத்துக்கணும்.

சோனியா சோட்டோமேயரை எடுத்துக்குங்க. 9 வயசுல அப்பாவை இழந்தவர், நர்ஸா இருந்த அம்மா வளர்த்தாங்க. 1979-ல யேல்ல சட்டம் முடிச்சார். மன்ஹாட்டன்ல அரசு வக்கீலா சேர்ந்து, 1984-ல தனியார் ஃபர்முக்குப் போனார். 1991 நவம்பர்ல பரிந்துரை, செனட் ஒப்புதல் 1992 ஆகஸ்ட்ல. படிப்பு முடிச்சு 13 வருஷம் கழிச்சு, 38 வயசுல விசாரணை நீதிபதி. 2009-ல சுப்ரீம் கோர்ட்டுக்கே போயிட்டார்.

சம்பளம் எவ்வளவு?

2024-ல 2,43,300 டாலர். பெரிசாத் தெரியுதா? அதே வருஷம் நியூயார்க்கின் பெரிய ஃபர்ம்கள்ல, காலேஜ்ல இருந்து நேரா வந்த முதல் வருஷ வக்கீலுக்கே 2,25,000 டாலர்! போனஸ் தனி. இருபது வருஷ அனுபவம் உள்ள நீதிபதிக்கும், நேத்து வந்த பையனுக்கும் வித்தியாசம் 18,300 டாலர்தான்.

அப்போ லாபம் எங்க இருக்கு?

பென்ஷன்ல. இவங்க பதவி ஆயுள் முழுக்க. சம்பளத்தைக் குறைக்கக்கூடாதுன்னு சாசனமே சொல்லுது. வயசையும் சர்வீஸையும் கூட்டி 80 வந்தா, கடைசியா வாங்கின சம்பளம் அப்படியே ஆயுள் முழுக்க வரும். குறைஞ்சபட்சம் 65 வயசு, 10 வருஷ சர்வீஸ் வேணும். இந்த பென்ஷனுக்குன்னு அவங்க சம்பளத்துல பிடித்தமும் இல்ல.

இதோட மதிப்பு என்ன? வருஷத்துக்கு 4% எடுக்கலாம்ங்கற பிரபலமான கணக்குல பார்த்தா, 2,43,300 டாலர் எடுக்க கிட்டத்தட்ட 60 லட்சம் டாலர் கையில இருக்கணும். சம்பள ஸ்லிப்ல இந்தத் தொகை எங்கயும் தெரியாது.

இப்போ அந்த கண்டிஷன்

45 வயசுல நீதிபதி ஆனவர் 60-ல ரிசைன் பண்ணா? 15 வருஷம் உழைச்சும் இந்த பென்ஷன் பூஜ்யம். நிரந்தரமா உடல்நலம் கெட்டா மட்டும்தான் விலக்கு. பாதி சர்வீஸுக்குப் பாதி பென்ஷன்னு எதுவும் கிடையாது. 40-ல ஆனாலும் 65 வரை காத்திருக்கணும், 50-ல ஆனாலும் 65-தான். 55-ல ஆனா 68 வரை இழுக்கும்.

இன்னும் ரெண்டு ஓட்டை இருக்கு. முழுசா ஓய்வு பெற்றா அந்த நாள் சம்பளத்தோட தொகை உறைஞ்சிடும், விலைவாசி உயர்வு சேராது. விலைவாசி வருஷம் 3% ஏறினா, 20 வருஷத்துல அந்தப் பணத்தோட வாங்கும் சக்தி ஏறக்குறைய 55% ஆயிடும். அதனாலதான் பலர் 'சீனியர்' அந்தஸ்து எடுத்து, குறைஞ்ச கேஸோட தொடர்ந்து வேலை பார்க்கறாங்க. அப்போ சம்பள உயர்வும் கிடைக்கும். கான்சாஸ் நீதிபதி வெஸ்லி பிரவுன் 1962-ல பதவிக்கு வந்தார். 2012-ல 104 வயசுல இறக்கும்போதும் அவர் நீதிபதிதான்!

ரெண்டாவது, பென்ஷன் குடும்பத்துக்குத் தானா போகாது. அதுக்கு வேலையில இருக்கும்போதே சம்பளத்துல 2.2% கட்டி தனித் திட்டத்துல சேரணும்.

குறைக்க மாட்டாங்கன்னா ஏத்துவாங்கன்னு அர்த்தமும் இல்ல. 2009-ல இருந்து 2013 வரை சம்பளம் 1,74,000 டாலர்லயே நின்னுச்சு. சட்டப்படி வரவேண்டிய உயர்வை காங்கிரஸ் தடுத்ததுன்னு சில நீதிபதிகளே அரசாங்கத்து மேல கேஸ் போட்டாங்க. 2012-ல ஜெயிச்சாங்க. 2014-ல சம்பளம் 1,99,100 ஆச்சு.

முதலீட்டுக்கும் கட்டுப்பாடு

ஒரு கம்பெனியோட ஒரே ஒரு ஷேர் வச்சிருந்தாக்கூட, அந்தக் கம்பெனி கேஸை அவங்க விசாரிக்கக்கூடாது. மியூச்சுவல் ஃபண்டுக்கு இந்தத் தடை இல்ல, அதை அவங்களே நிர்வகிக்காத வரைக்கும். 2022-ல வந்த சட்டப்படி, அவங்க சொத்து விவரம் ஆன்லைன்ல எல்லாரும் பார்க்கிற மாதிரி வரணும். ஷேர் ஷேராப் பொறுக்கறதைவிட இண்டெக்ஸ் ஃபண்ட் வாங்கிட்டு நிம்மதியா இருக்கறது அவங்களுக்கு ரொம்ப வசதி.

நமக்கு என்ன?

முதல் கேள்விக்கு வருவோம். அந்த பார்ட்னர் 50 வயசுல வந்து 65 வரை உட்காரத் தயார்னா அது தப்புக் கணக்கு இல்ல. 60-ல வெளிய வர யோசனை இருந்தா நிச்சயமா தப்பு. வேலை ஒண்ணுதான், சம்பளமும் ஒண்ணுதான். எத்தனை வருஷம் இருக்கப் போறார்ங்கறதுதான் மொத்தத்தையும் மாத்துது.

உங்க கைக்கு அடுத்த ஆஃபர் லெட்டர் வரும்போது சம்பள எண்ணைப் பார்த்துட்டு மூடி வச்சுடாதீங்க. எந்தத் தேதிக்கு முன்னாடி வெளிய வந்தா எது கையை விட்டுப் போகும்னு கேட்டு, அந்தத் தேதியை காலண்டர்ல குறிச்சு வைங்க. ரிசைன் லெட்டர் எழுதறதுக்கு முன்னாடி அந்தப் பக்கத்தை ஒரு தடவை புரட்டிப் பாருங்க.