வாவிக்கரையில் வளரும் இளையோர்

இளமைப் பருவம் எல்லார்க்கும் பொதுவே. ஆயின் அதனை வரவேற்கும் முறை சமூகத்துக்குச் சமூகம் வேறுபடும். இதனைக் காண நாம் கடல் கடக்க வேண்டுவதில்லை. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுள்ள மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலே ஆரையம்பதியும் காத்தான்குடியும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. முன்னது தமிழரூர், பின்னது முஸ்லிம்களின் ஊர். இரண்டிலும் தாய்மொழி தமிழே.

தமிழ் இல்லத்திற் பெண் பெரியவளானால் உறவினர் கூடி நீராட்டிச் சாமத்தியச் சடங்கு செய்வர். அவள் தம்பிக்கு அத்தகைய சடங்கு ஒன்றுமில்லை. முஸ்லிம் இல்லத்திலோ மகனுக்குச் சிறுவயதிலேயே சுன்னத்துக் கலியாணம் நடைபெறும். பெண்ணுக்கு நீராட்டும் விருந்தும் முன்னாளில் அங்கும் இருந்தன. இந்நாளில் அவை அருகிவிட்டன. நோன்பு நோற்கப் பழகுவதே அங்கு இருபாலார்க்கும் வளர்ச்சியின் அடையாளமாகும்.

இவ்வேற்றுமைகளின் அடியில் ஆழ்ந்த ஒற்றுமையொன்று உண்டு. இரு சமூகத்தாரும் தாய்வழியே குடி எண்ணுவோர். ஒரே குடிக்குள் மணம் முடிப்பதைத் தவிர்ப்போர். கோயில் வண்ணக்கரும் பள்ளிவாசல் மரைக்காயரும் மரபுப்படி குடிவழியே பொறுப்பேற்றனர். மகளுக்கு வீடு கொடுத்தல் பெற்றோர் கடன். மணமகனே மனைவி வீட்டுக்குச் சென்று வாழ்வான். பெண்ணுக்குச் சொந்தக் கூரையளிக்கும் நல்வழக்கம் இது. எனினும் பதினைந்து வயதுப் பெண்ணின் தலைமேல் இன்னும் கட்டாத வீடொன்று நிற்கின்றது! அதன்பொருட்டே தாய்மார் பலர் மேற்காசிய நாடுகளுக்குப் பணிப்பெண்களாகச் சென்றனர்; தமையன்மார் சிலர் படிப்பை இடையிலே நிறுத்தி உழைக்கப் புறப்பட்டனர். இரு ஊரிலும் இதே கதைதான்.

இத்துணை ஒத்த வாழ்வுடையோரின் பிள்ளைகள் ஒரே வாங்கில் அமர்வது அரிது. தமிழ்ப் பாடசாலை வேறு, முஸ்லிம் பாடசாலை வேறு. நோன்பு மாதத்தில் ஒன்று மூடியிருக்க, மற்றொன்று நடைபெறும். விடுமுறையிற்கூட அவர்கள் கூடி விளையாட வாய்ப்பில்லை. சமயபாடம் நீங்கலாகப் பாடநூல்கள் ஒன்றே; க.பொ.த. சாதாரணதர வினாத்தாளும் ஒன்றே.

1990 ஆகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலே தொழுதுகொண்டிருந்தோர் கொல்லப்பட்டனர். அடுத்த மாதம் 9ஆம் நாள் சத்துருக்கொண்டானிலே தமிழ்க் குடும்பங்கள் கொன்றொழிக்கப்பட்டன. அந்நாட்களை மறக்குமாறு எவரையும் நாம் கேட்கோம். ஆயின் அன்று பிறந்திராத பிள்ளைகள், பெரியோரின் அச்சத்தை மட்டும் முதுசமாகப் பெறுதல் தகுமோ?

சடங்குகள் வேறாயிருப்பதில் தீங்கில்லை. அயலூர்ப் பிள்ளையின் சடங்கு யாதென அறியாமல் வளர்வதே தீங்கு. விளையாட்டுப் போட்டி, பேச்சரங்கு, விஞ்ஞானக் கண்காட்சி ஆகியவற்றை இரு பாடசாலைகளும் ஒருங்கே நடத்துதல் அரிய காரியமன்று. மகளுக்கு வீடு கட்டும் பெற்றோரே, அவ்வீட்டின் வாயிலை அயலூர்த் தோழிக்கும் திறந்து வையுங்கள்!