சம்மட்டி அடித்தால் பாறை தெரியும்!

கம்ப்யூட்டர் இதழில் மண்ணைப் பற்றி என்ன கட்டுரை என்று நினைக்காதீர்கள். நிலத்துக்கு அடியில் பாறை எத்தனை மீட்டரில் இருக்கிறது என்று கண்டறிவதும் இன்று ஒரு கம்ப்யூட்டர் வேலைதான். பாலமோ, அணையோ கட்டும் முன் இன்ஜினியர்கள் துளையிட்டுப் பார்ப்பார்கள். துளை அந்த ஓரிடத்தைப் பற்றி மட்டுமே சொல்லும். இரண்டு துளைகளுக்கு நடுவே என்ன இருக்கிறது என்று அறியத்தான் சீஸ்மிக் சர்வே எனப்படும் நில அதிர்வு ஆய்வு.

இந்த வசதி இல்லாத காலத்தில் சுவிட்சர்லாந்தில் லோட்ச்பெர்க் ரயில் சுரங்கத்தைத் தோண்டினார்கள். காண்டர் ஆற்றுப் பள்ளத்தாக்கின் அடியில், ஏறத்தாழ 180 மீட்டர் ஆழத்தில் கெட்டியான பாறை இருக்கும் என்று கணித்திருந்தார்கள். 1908 ஜூலை 24 அன்று வெடி வைத்தபோது மணலும் சரளையும் தண்ணீரும் உள்ளே பாய்ந்தன. 25 தொழிலாளர்கள் இறந்தனர். பனியாறு குடைந்த பழைய பள்ளம் வண்டலால் மூடப்பட்டுக் கிடந்தது யாருக்கும் தெரியவில்லை. ஜெர்மனியின் லுட்கர் மின்ட்ரோப் அதிர்வு முறைக்குக் காப்புரிமை கோரியதே 1919-ல்தான்.

முறை எளிது. தரையில் நேர்கோட்டில் 24 ஜியோபோன்களைக் குத்தி வைப்பார்கள். உள்ளே ஸ்பீக்கரில் இருப்பது போலவே ஒரு காந்தமும் கம்பிச்சுருளும்தான். ஒரு முனையில் இரும்புத் தகட்டின் மேல் சம்மட்டியால் அடிப்பார்கள். அதிர்வு ஒவ்வொரு ஜியோபோனுக்கும் எப்போது வந்தது என்று லேப்டாப்பில் பதிவாகும். போக்குவரத்து இரைச்சல் இருந்தால் பல முறை அடித்துக் கூட்டிக்கொள்ளலாம். 16 அடிகளைக் கூட்டினால் இரைச்சலை ஒப்பிட சிக்னல் 4 மடங்கு தெளிவாகும்.

அருகில் உள்ள ஜியோபோன்களுக்கு அலை மேல்மண் வழியே வரும். தொலைவில் உள்ளவற்றுக்கோ, கீழே இறங்கிப் பாறை வழியே ஓடி வரும் அலை முந்திவிடும். பைபாஸ் ரோட்டில் போகும் பஸ் மாதிரி! மண்ணில் வேகம் விநாடிக்கு 400 மீட்டர், பாறையில் 2000 மீட்டர், முந்தும் இடம் 20 மீட்டர் தொலைவு என்று வையுங்கள். எக்ஸெல் திறந்து, வேகங்களின் வித்தியாசத்தைக் கூட்டுத்தொகையால் வகுத்து, வர்க்கமூலம் கண்டு, தொலைவில் பாதியால் பெருக்குங்கள். விடை சுமார் 8.2 மீட்டர். பாறை அங்கே இருக்கிறது.

நிஜ நிலம் இத்தனை ஒழுங்காக இருக்காது. அதற்கு ஜியோப்ஸி போன்ற இலவச சாப்ட்வேர்கள் உண்டு. ஆனால் இவை தரும் வண்ணப்படத்தை அப்படியே நம்பக்கூடாது என்பேன். கெட்டியான அடுக்குக்குக் கீழே இளகிய களிமண் இருந்தால், மேலே சொன்ன முறை அதைக் காட்டவே காட்டாது. நீர் நிறைந்த மணலிலும் வேகம் 1500 மீட்டரைத் தொடுவதால், சிதைந்த பாறை என்று தோன்றிவிடும்.

இத்தகைய இடங்களில் மேற்பரப்பு அலைகளை அலசும் முறை கைகொடுக்கிறது. அமெரிக்காவின் கான்சாஸ் நிலவியல் ஆய்வகத்தினர் 1999-ல் இதை விரிவாக வெளியிட்டார்கள். இதற்கும் அதே சம்மட்டி, ஜியோபோன்கள் போதும். பிறகு படத்தில் சந்தேகமான இடத்தில் ஒரு துளை போட்டுச் சரிபார்ப்பார்கள்.