‘கூல்’: ஊனுண்ணும் பேயா?

ஸஹீஹ் முஸ்லிமில் ஜாபிர் (ரலி) அவர்கள் வாயிலாக வரும் நபிமொழி ஒன்று, தொற்று, ஸஃபர் ஆகியவற்றோடு ‘கூல்’ என்பதையும் மறுக்கிறது. இதனைத் தமிழாக்கிய மாணவர் ஒருவர் ‘பேய் கிடையாது’ என எழுதியிருந்தார். பின்னர் திர்மிதீ பாடத்தில் அவருக்கு இடர்ப்பாடு நேர்ந்தது. அபூ அய்யூப் அல்அன்ஸாரீ (ரலி) அவர்கள் சேமித்து வைத்த பேரீச்சம்பழத்தைக் ‘கூல்’ வந்து எடுத்துச் சென்றதாகவும், பிடிபட்டபோது ஆயத்துல் குர்ஸியின் பயனைச் சொல்லித் தப்பியதாகவும் அங்கே வருகிறது. இல்லாத பேய் பழம் திருடியது எவ்வாறு? அவர் கேட்டது நியாயமே. சிக்கல் ‘பேய்’ என்ற தமிழ்ச் சொல்லில் இருக்கிறது.

கைன், வாவ், லாம் என்னும் வேரெழுத்துகள் எதிர்பாராமல் பற்றி அழிப்பதைக் குறிக்கும். சுவன மதுவில் ‘கவ்ல்’ இல்லை என்று அஸ்ஸாஃப்பாத் அத்தியாயம் (37:47) கூறுவதும் இவ்வேரிலிருந்தே; அங்கே அது மதுவின் தீங்கைச் சுட்டும். சொல்லுக்குள் ஊனும் இல்லை, உண்ணலும் இல்லை. பாலையில் தனித்துச் செல்வோர் முன் பல உருவில் தோன்றி, வழிகெடுத்து மாய்ப்பது என்பதே அறியாமைக் கால அரபிகளின் நம்பிக்கை. எவ்வுருக் கொண்டாலும் கால் மட்டும் கழுதைக் குளம்பாகவே இருக்குமாம்!

ஊனுண்ணல் ‘பிசாச’த்துக்கு உரியது. பிசிதம் என்றால் இறைச்சி. அதை உண்பது பிசாசம் என வடமொழியார் பிரிப்பர். களத்தில் பிணம் தின்னும் பேயைப் புறநானூறும் அறியும். கலிங்கத்துப்பரணியில் அவை கூழே அடுகின்றன. (தமிழ்க் ‘கூளி’க்கும் அரபுக் ‘கூலு’க்கும் ஒலியொப்பன்றி உறவில்லை.) புதைகுழியில் பிணம் தின்னும் ‘கூல்’ ஐரோப்பியரிடம் பரவியதற்கு, 18ஆம் நூற்றாண்டில் காலாந் பிரெஞ்சில் வெளியிட்ட ஆயிரத்தோர் இரவுகளின் ஸீதி நுஃமான் கதை பெரிதும் காரணம். அக்கதை பழைய அரபுக் கையெழுத்துப் பிரதிகளில் இல்லை.

நம் நாஞ்சில் நாட்டு மாணவர்க்குக் கள்ளியங்காட்டு நீலியைச் சொன்னால் எளிதில் விளங்கும். கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி ஏந்தி, செட்டியின் மனைவியென நடித்து அவன் உயிரைக் கவர்ந்தவள் என்று வில்லுப்பாட்டில் கேட்டிருக்கிறோம். உருமாற்றமும் ஏய்ப்புமே ‘கூல்’ கதையின் உயிரும்.

இமாம் நவவீ தரும் விளக்கத்துள் ஒன்று இங்கே உதவுகிறது: மறுக்கப்பட்டது அதன் இருப்பன்று, விரும்பியவாறு உருமாறி மனிதரை வழிகெடுக்கும் ஆற்றலே. இவ்வாறு கொண்டால் திர்மிதீயோடு முரண் எழாது.

நம்பிக்கை மறுக்கப்பட்ட பின்னும் சொல் இலக்கியத்தில் வாழ்ந்தது. கஅப் இப்னு ஸுஹைர் (ரலி) ‘பானத் ஸுஆத்’ கவிதையில், நிலையற்ற மனத்தாளான காதலியை, நிறம் மாறும் கூலுக்கு உவமித்தார். பாடியது நபி (ஸல்) அவர்களின் திருமுன்னிலையில். உவமை கண்டிக்கப்படவில்லை, கவிஞருக்குப் போர்வை பரிசாகக் கிடைத்தது என்பது மரபு.

அம்மாணவர் தம் ஏட்டில் ‘பேய்’ என்பதை அடித்துவிட்டு, ‘கூல்’ என்றே எழுதி, ‘உருமாறி வழிகெடுக்கும் என அரபிகள் நம்பியது’ என்று அடிக்குறிப்பு இட்டார். நானும் அதையே ஏற்றேன்.